கிட்டுவின் சாயங்கால ஊசி

தோத்தாத்ரிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய அந்தக் காலனியில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியவரும் தோத்தாத்ரிதான். இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவில் தலை நரைத்தவர். பாலிசி எடுக்கும்போது யாராவது சர்க்கரை வியாதியை மறைத்திருந்தால், அந்த ஆள் செத்த பிறகும் விடமாட்டார். நோண்டி நோண்டிக் கண்டுபிடித்து, பணம் கிடையாது என்று எழுதிவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்.

"உண்மையை மறைக்கிறவனுக்கு என்ன நியாயம் வேண்டிக் கிடக்கு?" என்று வீட்டுக்கு வந்தும் கேட்பார். மனைவி ஞானாம்பாள் அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ரசம் விடட்டுமா?" என்பாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் மூன்று மாதமாக ஒரு டாக்டரிடம் புளுகிக்கொண்டிருந்தார். அதுவும் கால்நடை டாக்டரிடம். அதுவும் ஒரு பூனை விஷயத்தில்.

பூனையின் பெயர் கிட்டு. கறுப்பு வெள்ளை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் சமையலறை ஜன்னல் வழியாக வந்து தயிர்சாதம் தின்றுவிட்டு, இவர்களை ஏற்றுக்கொண்டது. மகள் சின்மயி கல்யாணமாகி புனே போன பிறகு, அந்த வீட்டில் தோத்தாத்ரி பேசினால் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கிற ஒரே ஜீவன் கிட்டுதான். ஆபீஸ் அரசியல், ரயில் தாமதம், தண்ணி லாரிக்காரனின் அராஜகம் எல்லாவற்றையும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். மனுஷர் பூனைமேல் உயிரையே வைத்திருந்தார். அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, "எலிக்காக வெச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொள்வார். அந்த வீட்டில் எலியே கிடையாது.

கிட்டுவைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சமல்ல. சுத்த சைவம். மீன் வாசனைக்கே முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று அடித்துச் சொல்வார். ஏகாதசி அன்று வெறும் பால்தான் வைப்பார்கள். அதையும் பாதி மிச்சம் வைத்துவிட்டுப் போவான். "என்ன ஆசாரம் பாருங்கோ! நம்மாலகூட முடியாது" என்று ஞானாம்பாள் உருகுவாள். காலை ஆறரைக்கு வருவான். பகலெல்லாம் வாஷிங் மெஷின் மேல் தூக்கம். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சோம்பல் முறித்துவிட்டுக் கிளம்பினால், மறுநாள் காலையில்தான் தரிசனம். இடைப்பட்ட நேரத்தில் எங்கே போகிறான் என்று யாரும் கேட்டதில்லை. ஆண்பிள்ளை, நாலு இடம் போய்த்தான் வருவான் என்று விட்டுவிட்டார்கள்.

போன ஆவணியில் கிட்டு பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். குடித்ததையெல்லாம் வீடு முழுக்க இறக்கியும் வைத்தான். உடம்பு இளைத்து, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. தோத்தாத்ரி வெலவெலத்துப் போய், காய்கறிப் பையில் போட்டுப் பெருங்களத்தூரில் இருக்கும் டாக்டர் ஸ்நேகாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தப் பெண்ணுக்கு வயது முப்பதுகூட இருக்காது. காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சுகர் நானூறு என்றாள்.

"என்ன சாப்பிடறான்?"

"தயிர்சாதம்."

"அப்புறம்?"

"சில நாள் நெய் சாதம். வெண்பொங்கல்னா ரொம்ப இஷ்டம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "சார், பூனைக்குக் கறியும் மீனும்தான் சாப்பாடு. அரிசியை உடனே நிறுத்துங்க. சிக்கன், மீன், முட்டை, ஏதாவது கொடுங்க."

"அவன் அப்படியெல்லாம் பழகலை டாக்டர்."

"நீங்க பழக்கலை" என்றாள் டாக்டர்.

கூடவே இன்சுலின். காலையில் இரண்டு யூனிட், சாயங்காலம் இரண்டு யூனிட், பன்னிரண்டு மணி நேர இடைவெளி. முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. வெறும் வயிற்றில் போட்டாலோ, அளவு கூடிப்போனாலோ சுகர் தடாலென்று இறங்கி, பூனை நினைவு தப்பி விழும், உயிரே போய்விடலாம். அப்படி ஆனால் ஈறில் தேனைத் தடவிவிட்டு ஓடி வரவேண்டும். இவ்வளவையும் டாக்டர் இரண்டு தடவை சொன்னாள். தோத்தாத்ரி இரண்டு தடவையும் தலையாட்டினார்.

வீட்டில் ஞானாம்பாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "மீனும் மண்ணும் இந்தக் கேட்டைத் தாண்டி வரப்படாது. ஏன்னா, இந்த மருந்து எதுலேர்ந்து பண்றா? பன்னியா, மாடா?" தோத்தாத்ரி மருந்துக்கடைக்குத் திரும்ப நடந்து போய், எந்தப் பிராணியிலிருந்தும் எடுத்ததில்லை, ஃபாக்டரியில் செய்வது என்று வாக்குமூலம் வாங்கி வந்த பிறகுதான் இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. சாப்பாட்டுக்கு நடுவழி ஒன்று கண்டுபிடித்தார்கள். பனீர். கிட்டு அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தோத்தாத்ரியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கடனே என்று தின்றான்.

ஊசி போடுவது பெரிய வைபவம். ஞானாம்பாள் பழைய எட்டு முழ வேட்டியில் கிட்டுவைத் தலை மட்டும் தெரியும்படி சுற்றி மடியில் வைத்துக்கொள்வாள். தோத்தாத்ரி கண்ணாடியைத் துடைத்து, பெருமாளைச் சேவித்து, பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து, குத்தும் நேரத்தில் தன் கண்ணை மூடிக்கொள்வார். முதல் நாள் அவர் கட்டைவிரலுக்கே இன்சுலின் போய், அரை டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். போகப் போகக் கை பழகிவிட்டது.

சாயங்கால ஊசிதான் வம்பு. ஊசி போட ஆள் இருந்தும் ஊசி போட்டுக்கொள்ள ஆள் இல்லை. ஐந்து மணிக்குக் கிட்டு கிளம்பிவிடுவான்; தோத்தாத்ரி ரயில் பிடித்து வரவே ஆறரை ஆகும். ஆக, ஒரு வேளைதான். இரண்டு வாரம் கழித்து டாக்டர் ஸ்நேகா, "ரெண்டு வேளையும் போடறீங்கதானே?" என்று கேட்டபோது தோத்தாத்ரி "ம்" என்றார். ஒரே ஒரு "ம்". அந்த "ம்"தான் வளர்ந்தது.

ஏனென்றால் கிட்டு தேறிக்கொண்டே வந்தான்! சுகர் நானூறிலிருந்து இருநூற்றைம்பதுக்கு வந்தது, அப்புறம் இருநூறுக்கு. தண்ணீர் குடிப்பது குறைந்தது. முதுகில் சதை பிடித்தது. "சிக்கனா, மீனா?" என்று டாக்டர் கேட்டாள். "பனீர்" என்று தோத்தாத்ரி நெஞ்சை நிமிர்த்தினார். டாக்டருக்கு நம்ப முடியவில்லை. தோத்தாத்ரி காலனி வாட்ஸாப் குழுவில் பனீரின் மகிமை பற்றி நீள நீளமாக எழுதிப் போட்டார். பிரதோஷம், தண்ணி லாரி எல்லாவற்றுக்கும் நடுவே பனீர். சூர்யநாராயணன் என்கிற பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுத் தன் சுகர் மாத்திரையை நிறுத்தி, ஆஸ்பத்திரி வரை போய் வந்தார்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. கிட்டுவின் சுகர் நூற்று நாற்பது. டாக்டர் ஸ்நேகா கிளினிக்கில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இதோ பாருங்க, சார் மாதிரி இருக்கணும். ஒரு நாள் தவறாம ரெண்டு வேளையும் ஊசி. அதனாலதான் இவன் பிழைச்சான்." நாய்க்குட்டியோடு வந்திருந்த ஒரு அம்மா எழுந்து நின்று கைகூப்பினாள்.

தோத்தாத்ரிக்கு உடம்பு கூசிவிட்டது. வீடு வரும் வழியெல்லாம் மனசு அறுத்தது. ஒரு க்ளெய்மில் இப்படி ஒருத்தன் புளுகியிருந்தால் என்ன கிழி கிழித்திருப்பார்! திரும்பிப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சாதாரண மனிதர்கள் அதைத்தான் செய்வார்கள். தோத்தாத்ரி வேறு மாதிரி யோசித்தார். தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்வதைவிட, சொன்னதை மெய்யாக்கிவிட்டால் என்ன? நாளை ஞாயிற்றுக்கிழமை, லீவு. நாளையிலிருந்து கிட்டுவுக்குச் சாயங்கால ஊசியும் உண்டு. திங்கட்கிழமையிலிருந்து ஞானாம்பாளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்துவிட்டால் ஆயிற்று. நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு நாலேகாலுக்கே கிட்டுவைப் பிடித்து பாத்ரூமில் போட்டுத் தாழிட்டார். உடனே ஊசியைப் போட்டிருக்கலாம்தான். ஆனால் பன்னிரண்டு மணி நேரக் கணக்கு இன்னும் ஆகவில்லை. கொஞ்சம் முன்னதாகப் போடலாமென்றால் நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். ஒரு புதுக் காரியத்தை, அதுவும் உயிர் சம்பந்தப்பட்டதை, ராகு காலத்திலா ஆரம்பிப்பது? ஞானாம்பாளும் கூடாது என்றாள். பாத்ரூமுக்குள் கிட்டு முதலில் கத்தினான், பிறகு கதறினான், பிறகு ஷாம்பு பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். தோத்தாத்ரி வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "கொஞ்சம் பொறுடா ராஜா" என்று கதவோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. கிட்டு பனீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"சாப்பிடலையே, போடலாமான்னா?" என்றாள் ஞானாம்பாள்.

"போட்டுட்டா தன்னால பசிக்கும். நீ பிடி."

இரண்டு யூனிட். போட்ட மறுகணம் கிட்டு வேட்டிக்குள்ளிருந்து பீறிட்டுக்கொண்டு, ஞானாம்பாளின் கையில் நாலு கோடு போட்டுவிட்டு, ஜன்னல் வழியாகப் போயே போய்விட்டான்.

தட்டு காலியாக இருந்திருந்தால் தோத்தாத்ரி கவலைப்பட்டிருக்க மாட்டார். தட்டு நிறைய பனீர் இருந்தது. டாக்டர் இரண்டு தடவை சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வெறும் வயிறு! பெருமாள் திருமஞ்சனத்துக்கு வைத்திருந்த தேன் பாட்டிலைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, டார்ச் லைட்டோடு தெருவில் இறங்கினார்.

"கிட்டு! டேய் கிட்டு!"

கார்களுக்கு அடியில் குனிந்து பார்த்தார். காலி மனையின் முள்ளுச்செடிகளுக்குள் பார்த்தார். ஏரிக்கரை வரை போய்த் திரும்பினார். இரண்டாவது தெருவில் கிட்டு என்று பெயர் கொண்ட ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் பால்கனியில் வந்து நின்று, "எந்த ராஸ்கல்டா என்னை டேய் போடறது?" என்று சத்தம் போட்டார். தோத்தாத்ரி மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர் வீட்டு வாசலிலேயே இன்னொரு தடவை "டேய் கிட்டு" என்று கூப்பிட்டுவிட்டு நகர்ந்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தொண்டை கட்டிவிட்டது. எங்கேயோ ஒரு சாக்கடை ஓரத்தில் அவன் விழுந்து கிடப்பது போலவே கண்ணுக்குள் ஓடியது. தன்னால்தான், தன் வீம்பால்தான் என்று தெருவிலேயே அழுகை வந்தது.

சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் திரும்பும்போது ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

"ஆஸ்டின்! ஆஸ்டின், கண்ணத் தெறடா! ஐயோ ஐசக், இங்க வாங்களேன், இவன் கை காலெல்லாம் இழுக்குது!"

யாரோ குழந்தை என்று நினைத்துத்தான் கேட் வழியாக எட்டிப் பார்த்தார். திறந்த கதவுக்குள், டைல்ஸ் தரையில், ஒரு கறுப்பு வெள்ளை வால் துடித்துக்கொண்டிருந்தது.

தோத்தாத்ரி செருப்போடு உள்ளே பாய்ந்தார். "கிட்டு! என் கிட்டு!"

"யார் சார் நீங்க?" என்றார் ஒரு பருத்த மனிதர். அவர்தான் ஐசக், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் சூப்பர்வைசர். தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது அவர் மனைவி பியூலா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"இது எங்காத்துப் பூனை!"

"உங்க பூனையா? இது எங்க ஆஸ்டின் சார். நாலு வருஷமா தெனம் சாயங்காலம் இங்கதான் இருக்கான்!"

விவாதத்துக்கு நேரமில்லை. தோத்தாத்ரி மண்டியிட்டு, தேனை விரலில் தொட்டு, கிட்டுவின் உதட்டைத் தூக்கினார். பியூலா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "சுகர் பேஷண்ட்டுக்குத் தேனா? கொல்லப் பாக்கிறீங்களா?"

"சுகர் எறங்கிடுத்தும்மா! தேன் தடவலேன்னா செத்துடுவான்!"

"அதெப்படி எறங்கும்? டாக்டர் சொன்ன அளவுதானே போட்டேன்?"

தோத்தாத்ரியின் விரல் பாதியில் நின்றது. அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். சோபா பக்கத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு பெட்டி. தலையை நீட்ட வட்டமாக ஒரு ஓட்டை, முதுகுக்கு மேல் ஒரு சின்னக் கதவு, கொண்டி, தாழ்ப்பாள். பூனைக்கு ஊசி போடவென்றே ஐசக் தன் கம்பெனியில் வெல்டிங் வைத்துச் செய்தது. அதன் மேல் இன்சுலின் சிரிஞ்ச். கீழே கிண்ணத்தில் அவித்த சங்கரா மீன், முக்கால்வாசி மிச்சம்.

எல்லாம் விளங்கிவிட்டது. இவர்களும் வேறொரு டாக்டரிடம் காட்டி, பூனை கையில் கிடைத்த வேளைக்கு மட்டும் ஊசி போட்டிருக்கிறார்கள். காலை ஊசி அவர் வீட்டில், சாயங்கால ஊசி இந்த வீட்டில். டாக்டர் சொன்ன இரண்டு வேளை ஒரு நாளும் தவறவில்லை. சுகர் இறங்கியது பனீரால் இல்லை. ஏகாதசிப் பால் மிஞ்சியது ஆசாரத்தால் இல்லை. இன்று ஆறு மணிக்கு அவர் போட்ட ஊசிக்கு மேல், இந்த அம்மாள் இன்னொன்று போட்டிருக்கிறாள்.

இதைச் சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால், பூனையைக் கொன்றவன் தான்தான் என்று ஆகிவிடும். "சீக்கிரம் ஆட்டோ கூப்பிடுங்கோ" என்று மட்டும் வந்தது.

ஞாயிறு இரவில் திறந்திருந்தது பள்ளிக்கரணையில் ஒரு கிளினிக்தான். சிவகுமார் என்ற ஆட்டோக்காரன் வந்தான். ஐசக் மடியில் பூனை, ஒரு பக்கம் பியூலா, மறு பக்கம் தேன் பாட்டிலோடு தோத்தாத்ரி. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதுமே வண்டி நின்றது. ஊருக்குப் போயிருந்த தென்மாவட்டத்துக் கூட்டம் பூராவும் பஸ்ஸிலும் காரிலும் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கெழமைன்னா இப்டித்தான் சார், ஃபுல்லா ஜாம் ஆயிகினு கீது" என்றான் சிவகுமார். "இன்னா, கொயந்தைக்கு வலிப்பா?"

"பூனை. சுகர்" என்றார் ஐசக்.

சிவகுமார் முழுசாகத் திரும்பிப் பார்த்தான். "பூனைக்கு சுகரா? பேஜாரா போச்சே!" என்றவன், அடுத்த நிமிஷம் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ப்ளாட்பாரத்தின் மேலேயே ஏற்றிவிட்டான்.

"கிட்டு, கண்ணா" என்று தோத்தாத்ரி தேனைத் தடவினார். "ஆஸ்டின், செல்லம்" என்று பியூலா தடவிக்கொடுத்தாள். பூனை எந்தப் பெயருக்கும் காதை அசைக்கவில்லை.

தாம்பரம் தாண்டும்போது பியூலா தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். "நான்தான் தப்பா எடுத்துட்டேன். ரெண்டுக்குப் பதிலா கூட இழுத்துட்டேன் போலருக்கு. என் கையாலயே கொன்னுட்டேனே!"

"கண்ணாடி போட்டுக்கிட்டு போடுன்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்?" என்றார் ஐசக். அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார். "கணக்கு டீச்சரு! ரெண்டு கோடு எண்ணத் தெரியல!"

பியூலா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

தோத்தாத்ரி பார்த்துக்கொண்டே இருந்தார். சேலையூரில் சொல்லிவிட நினைத்தார். அங்கே ஞானாம்பாள் போன் செய்தாள். மேடவாக்கத்தில் சொல்ல நினைத்தார். அங்கே வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்தது. சொல்லாமல் இருக்க ஒரு மனிதனுக்கு எத்தனை சாக்குக் கிடைக்கும் என்பதை அவர் அலுவலகத்தில் படித்திருக்கிறார், அனுபவித்ததில்லை.

பள்ளிக்கரணையில் டாக்டர் கேஷவ் என்ற இளைஞன் பூனையை வாங்கி மேஜையில் கிடத்தினான். சுகர் முப்பத்திரண்டு. காலில் ஊசி ஏற்றி, க்ளூகோஸைச் செலுத்தினான். சில நிமிஷத்தில் இழுப்பு நின்று, வால் நுனி லேசாக அசைந்தது. பியூலா "ஸ்தோத்திரம்" என்றாள். தோத்தாத்ரி "நாராயணா" என்றார்.

"எவ்வளவு போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டான்.

"ரெண்டு யூனிட் சார். ஆனா கூட இழுத்துட்டேனோன்னு..."

டாக்டர் அவள் கொண்டுவந்திருந்த சிரிஞ்சையும் மருந்தையும் பார்த்தான். "அதுல பெருசா தப்பு வராதும்மா. மீன் சரியா சாப்பிடாததால எறங்கியிருக்கும். இந்தப் பாட்டில் முடிஞ்சதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பயமில்ல."

பயமில்லை! தோத்தாத்ரிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. பூனை பிழைத்தது, பழி இன்னொருத்தர்மேல், அவர் நல்லவராகவே வீட்டுக்குப் போகலாம். ஆனால் கிட்டுவின் உடம்புக்குள் இருப்பது இரண்டு யூனிட் இல்லை, நாலு. பாட்டில் முடிந்து வீட்டுக்குப் போனபின் மறுபடி இறங்கும். இந்த அம்மாள் விளக்கை அணைத்துப் படுத்திருப்பாள். விடியும்போது பூனை கட்டையாகக் கிடக்கும்.

"நாலு" என்றார் தோத்தாத்ரி.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"நாலு யூனிட் டாக்டர். ஆறு மணிக்கு நானும் ரெண்டு போட்டேன். வெறும் வயத்துல. காலம்பற தெனம் நான்தான் போடறேன். சாயங்காலமும் போடறதா எங்க டாக்டர்கிட்ட மூணு மாசமா பொய் சொல்லிண்டிருந்தேன். இன்னிக்கு அதை நெஜமாக்கலாம்னு பிடிச்சு அடைச்சு வெச்சுப் போட்டேன். இந்தம்மா அளவுல தப்பே இல்லை. தப்பு பூரா என்னோடது."

டாக்டர் இன்னொரு பாட்டிலை எடுத்து மாட்டினான். "ராத்திரி முழுக்க இங்க இருக்கட்டும். நல்ல வேளை சொன்னீங்க." பிறகு தயங்கிவிட்டு, "ஆனா ஒண்ணு சார். நீங்க காலையில, இவங்க சாயங்காலம். ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம போட்டது கரெக்டான ட்ரீட்மெண்ட். தெரிஞ்சிருந்தாகூட இவ்வளவு சரியா வந்திருக்காது" என்றவன், சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டான்.

பியூலா சிரிக்கவில்லை. தோத்தாத்ரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்லேர்ந்து இங்க வர்ற வரைக்கும் என் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே சார்" என்றாள். "நான் தலையில அடிச்சுக்கிட்டத பாத்துக்கிட்டே."

தோத்தாத்ரி தேன் பிசுபிசுக்கும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

திங்கட்கிழமை டாக்டர் ஸ்நேகாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ பனீர்?" என்றாள். "அங்க சங்கரா மீனாம்" என்றார். "அதானே பாத்தேன்" என்று வைத்துவிட்டாள். காலனி குழுவில், பனீர் பற்றித் தான் எழுதியது எல்லாம் தவறு என்று போட்டார். சூர்யநாராயணன் அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினார். கிட்டுவை அந்த வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும், தனக்கு அவன்மேல் கை வைக்க யோக்கியதை இல்லை என்று ஞானாம்பாளிடம் சொன்னார். சொல்லிவிட்டு, வெறும் வாஷிங் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள், "சாப்பிட வாங்கோ" என்று மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை காலை கேட் சத்தம் கேட்டது. பியூலா நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய புடவை, தோளில் கைப்பை, இடுப்பில் பூனை.

"எனக்கு ஏழு மணிக்கு வேன் வந்துடும் சார். சீக்கிரம் ஊசியப் போடுங்க."

"நானா?"

"காலையில அவன் எங்க வீட்ல நிக்க மாட்டேங்கறான். கதவச் சாத்தினா பிறாண்டறான். என்ன பண்ணச் சொல்றீங்க? காலையில அவன் உங்க பூனை." பூனையை இறக்கிவிட்டாள். அது வாலைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போனது. "ஆனா நான் நின்னு பாப்பேன்."

கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கேட்டுக்கு வெளியே வைத்து, கிட்டுவை அங்கேயே வரவழைத்து மீனைத் தின்ன வைத்தாள். ஞானாம்பாள் மூக்கை மூடிக்கொண்டு, ஆனால் பூனை மீனை விழுங்கும் வேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். தோத்தாத்ரி சிரிஞ்சை எடுத்தார். விரல் நடுங்கியது.

"கண்ணுக்கு நேரா புடிங்க. சாய்ச்சா அளவு தப்பாத் தெரியும்" என்றாள் பியூலா. "எத்தனை?"

"ரெண்டு."

"காட்டுங்க." பார்த்தாள். "ம். போடுங்க."

போட்டார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கிட்டு மீன் ருசியில் ஊசியைக் கவனிக்கவே இல்லை.

பியூலா போகும்போது கேட்டில் நின்றாள். "தெனம் போட்டதும் எனக்கு மெசேஜ் அனுப்பணும். மறந்துட்டீங்கன்னா அதையும் அனுப்பணும். கூடப் போட்டுட்டாலும். நான் நல்லாத் திட்டுவேன் சார், அது நிச்சயம். ஆனா சொல்லிடணும்."

"சரி டீச்சர்" என்றார் தோத்தாத்ரி.

வேன் திரும்பும் சத்தம் கேட்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். "போட்டாச்சு. ரெண்டு யூனிட்" என்று அவளுக்குத் தெரிந்ததையே எழுதினார். அனுப்பாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதற்குக் கீழே, "கை நடுங்கித்து. இன்னும் பயமா இருக்கு" என்று சேர்த்து அனுப்பினார்.

பதில் மதியம் வந்தது, பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில்.

"எனக்கும்தான் சார்."